வூமென் வாயிலில் தலைகள் உருளவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த பெய்ஜிங் பயணக் கட்டுரை, தடைசெய்யப்பட்ட நகரத்தின் தெற்கு வாயிலான வூமென்னுக்கு இரண்டே வரிகள் ஒதுக்கியிருந்தது. பேரரசரின் கோபத்துக்கு ஆளானவர்களை அங்கேதான் தலை வெட்டினார்கள் என்பது முதல் வரி. இப்போது அது நுழைவுச்சீட்டைக் காட்டிவிட்டுக் கடந்துபோகிற இடம் என்பது இரண்டாவது. முதல் வரி தவறு. இரண்டாவது வரி பாதிதான் உண்மை. அதை நம்பிப் போகிறவர்கள், அந்த அரண்மனையிலேயே மிகப் புத்திசாலித்தனமாக மறுவாழ்வு பெற்ற ஒரு கட்டடத்தைத் தலைக்கு மேலேயே விட்டுவிட்டு உள்ளே நடந்துவிடுகிறார்கள். இந்த இரண்டையும் சற்று விரிவாகத் திருத்த அனுமதி வேண்டுகிறேன்.

முதலில் கட்டடம். வாயில் என்றதும் நிலையும் கதவும்தான் நினைவுக்கு வரும். வூமென் கோட்டை மதிலின் மேல் நிற்கும் ஒரு மாடத் தொகுதி. நம் ‘ப’ எழுத்தைக் கவிழ்த்து வைத்ததுபோலத் தெற்கு நோக்கித் திறந்திருக்கும் அமைப்பு அதற்கு. சுமார் 12 மீட்டர் உயர மதில் அடித்தளம்; அதன் நடுவில் ஒன்பது பத்தி (தூண்களுக்கு இடையிலான இடைவெளி) அகலமுள்ள, இரண்டடுக்குக் கூரை வேய்ந்த பெரிய மண்டபம்; அங்கிருந்து இரு புறமும் தெற்கே நீளும் கைகளில் பதின்மூன்று பத்தி நீளச் சிறகு மாடங்கள்; கைகளின் முனைகளிலும் மூலைகளிலும் நான்கு சதுர மண்டபங்கள். நடு மண்டபத்தையும் இந்த நான்கையும் சேர்த்துத்தான் ஐந்து பீனிக்ஸ் மாடம் என்ற பெயர் வந்தது. தரையிலிருந்து உச்சிவரை 37.95 மீட்டர். அரண்மனையின் முதன்மையான தைஹ மண்டபம் மூன்றடுக்குப் பளிங்கு மேடையையும் சேர்த்தால்கூட 35.05 மீட்டர்தான். வாயில் சிம்மாசன மண்டபத்தைவிட உயரமாக இருப்பது தற்செயல் அல்ல. அரசரைக் காண வருகிறவன் அரசரைக் காண்பதற்கு முன்பே சிறுத்துப்போக வேண்டும் என்பது கட்டியவர்களின் கணக்கு. மூன்று பக்கமும் மதில் சூழ்ந்த அந்த முற்றத்தில் நின்றால் கணக்கு சரிதான் என்று தெரியும்.

வெளியிலிருந்து பார்த்தால் மூன்று வழிகள்தான் தெரியும். உள்ளே சென்று திரும்பிப் பார்த்தால் ஐந்து. மற்ற இரண்டும் கைகளின் உட்புற மூலைகளில் ஒன்றையொன்று பார்த்தபடி திறந்து, மதிலுக்குள்ளேயே செங்கோணத்தில் திரும்பி வடக்கே வெளிவருகின்றன. யார் எந்த வழியில் நுழையலாம் என்பதில் தளர்வு கிடையாது. நடுவழி பேரரசருக்கு. பேரரசிக்கு அது திருமண நாளில் ஒரே ஒரு முறை. அரசுப் பதவிக்கான அரண்மனைத் தேர்வில் முதல் மூன்று இடம் பெற்றவர்கள், முடிவு அறிவிக்கப்பட்ட பின் நடுவழியாக ஒரு முறை வெளியே நடந்து வரலாம், வாழ்நாளில் அவ்வளவுதான். அதிகாரிகளுக்குக் கிழக்கு வழி, அரச குலத்தாருக்கு மேற்கு வழி. மூலையில் உள்ள இரண்டும் பெரிய சபை நாட்களில் மட்டும் திறக்கும். தேர்வெழுத வருகிறவர்களில் ஒற்றைப்படை எண்காரர்கள் கிழக்கு மூலையாலும் இரட்டைப்படை எண்காரர்கள் மேற்கு மூலையாலும் உள்ளே போவார்கள். கூட்டத்தைப் பிரித்து அனுப்பும் ஏற்பாடாகப் பார்த்தாலும் இது சோடை போகாத ஏற்பாடுதான்.

மாடத்தில் மணியும் முரசும் உண்டு. பேரரசர் பலிபீடங்களில் வழிபடப் புறப்பட்டால் மணி. முன்னோர் கோயிலுக்குப் போனால் முரசு. தைஹ மண்டபத்தில் பெருவிழா என்றால் இரண்டும். ஆண்டுதோறும் பத்தாம் சந்திர மாதத்தின் முதல் நாளன்று அடுத்த ஆண்டுக்கான பஞ்சாங்கம் இந்த வாயிலின் முன்னால்தான் வழங்கப்பட்டது. விதைப்பதற்கும் அறுப்பதற்கும் நாள் குறித்துக் கொடுப்பது அரசுரிமையின் ஒரு பகுதி என்பதால், அதை அச்சுக்கூடத்திலிருந்து நேராக விநியோகிக்காமல் சடங்காக வைத்துக்கொண்டார்கள்.

கட்டடத்தின் வயதைப் பற்றியும் ஒரு சொல். மிங் வம்சத்து யோங்லே பேரரசர் காலத்தில், 1420-இல் கட்டி முடிக்கப்பட்டது என்பது சரி. ஆனால் இன்று நாம் பார்க்கும் மரக்கட்டுமானம் அது அல்ல. 1557-இல் மின்னலால் மூண்ட தீ, மூன்று பெரிய மண்டபங்களோடு வூமென்னையும் விழுங்கியது. மறு ஆண்டே வாயிலைத் திரும்பக் கட்டினார்கள். மிங் வம்சம் வீழ்ந்த பின், சிங் ஆட்சியில் 1647-இல் மீண்டும் எடுத்துக் கட்டியதும் 1801-இல் பழுதுபார்த்ததும்தான் இன்றைய வடிவம். ஆறு நூற்றாண்டு என்பது மதில் அடித்தளத்துக்கும் திட்ட வரைவுக்கும் பொருந்தும். மேலே உள்ள மரத்துக்குப் பொருந்தாது. சீன அரண்மனைக் கட்டடங்கள் அனைத்துக்கும் இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. மரம் எரியும், மட்கும், மாற்றப்படும். அச்சும் அளவும் மட்டும் நிற்கும்.

இனி அந்தத் தலைவெட்டு. “வூமென்னுக்கு வெளியே இழுத்துப்போய்த் தலையை வெட்டுங்கள்” என்பது சீன நாடக மேடையில் அரசர் வேடமிட்டவர் முழங்கும் வசனம். மேடைக்கு அழகு; வரலாற்றுக்கு இடமில்லை. மிங் காலத்தில் பெய்ஜிங்கின் கொலைக்களம் நகரின் மேற்குச் சந்தைப் பக்கம், இன்றைய ஷீஸ பகுதியில் இருந்தது. சிங் காலத்தில் அது தெற்கே சாய்ஷிகோவுக்குப் போனது. இரண்டுமே கடைத்தெரு. தண்டனை ஊருக்குத் தெரிய வேண்டும் என்றால் ஊர் கூடுகிற இடத்தில்தான் நிறைவேற்றுவார்கள். சாமானியர் காலெடுத்து வைக்க முடியாத அரண்மனை முற்றத்தில் வெட்டி யாருக்குக் காட்டுவது?

ஆனால் கதைக்கு ஒரு வேர் இருக்கிறது. அது வசனத்தைவிடக் கொடுமையானது. மிங் பேரரசர்கள் தம்மை எதிர்த்து மனு எழுதிய அதிகாரிகளை வூமென்னுக்கு வெளியே, அரச பாதையின் கிழக்குப் பக்கத்தில் கிடத்தித் தடியால் அடிக்கச் செய்தார்கள். பேரரசரின் மெய்க்காவல் படையான ஜின்யீவெய் காவலர் அடிப்பார்கள், அரண்மனை அலிகள் மேற்பார்வை பார்ப்பார்கள். ஐந்து அடிக்கு ஒருமுறை அடிப்பவர் மாறுவார், கை தளரக் கூடாது என்பதற்காக. 1519-இல் செங்தே பேரரசர் தெற்கே உல்லாசப் பயணம் போவதை எதிர்த்த 107 பேரை வாயிலின் முன் ஐந்து நாள் மண்டியிட வைத்து, பிறகு அடித்தார்கள். அந்த விவகாரத்தில் மொத்தம் 146 பேர் அடிபட்டார்கள், 11 பேர் இறந்தார்கள். 1524-இல் ஜியாஜிங் பேரரசர் தம் சொந்தத் தந்தைக்கு என்ன மரியாதைப் பட்டம் கொடுப்பது என்ற சர்ச்சையில் எதிர்த்து நின்றவர்களை அடித்தபோது 16 பேருக்குக் குறையாமல் உயிர் போயிற்று. அடிபட்டவர்கள் படித்து, தேர்வெழுதி, பதவிக்கு வந்தவர்கள். நடுவழியாக ஒருநாள் நடந்து வரலாம் என்ற கனவோடு அதே முற்றத்தில் ஒருகாலத்தில் நின்றவர்கள்.

போர்க் கைதிகளைப் பேரரசருக்குக் காட்டும் சடங்கும் தலைவெட்டுக் கதைக்கு எண்ணெய் ஊற்றியிருக்க வேண்டும். கைதிகள் கழுத்தில் வெள்ளைத் துணிக் கயிற்றோடு தெற்கிலிருந்து நடத்திவரப்பட்டு மாடத்தின் கீழ் மண்டியிடுவார்கள். மேலே பேரரசர் அமர்ந்திருப்பார். கொரியப் போரில் பிடிபட்ட ஜப்பானியர்களை 1599-இல் வான்லி பேரரசர் இப்படித்தான் பார்த்தார். ‘கொண்டுபோ’ என்று அவர் சொன்னதை அருகில் நின்ற இருவர் உரக்கச் சொல்ல, பிறகு நால்வர், எண்மர் என இரட்டித்து இரட்டித்து முற்றமே முழங்கியதாகப் பழைய குறிப்பு ஒன்று சொல்கிறது. தண்டனை நிறைவேறியது வேறிடத்தில். எல்லாக் கைதிக்கும் அந்த முடிவும் இல்லை. 1755-இல் இங்கே கொண்டுவரப்பட்ட துங்கார் என்ற மேற்கு மங்கோலிய இனத்தின் தலைவர் தவாச்சியைச் சியான்லோங் பேரரசர் மன்னித்து, இளவரசர் பட்டமும் கொடுத்துப் பெய்ஜிங்கிலேயே வைத்துக்கொண்டார்.

கட்டுரையின் இரண்டாவது வரிக்கு வருகிறேன். வூமென் அருங்காட்சியகமாக இருப்பது நேற்றைய ஏற்பாடு அல்ல. 1912-இல் முடியாட்சி முடிந்த பிறகும் கடைசிப் பேரரசர் பூயி 1924 நவம்பர் வரை அரண்மனையின் பின்பகுதியில் வாழ்ந்தார். முன்பகுதி மட்டும் குடியரசின் கையில் இருந்தது. அந்தக் காலத்திலேயே தேசிய வரலாற்று அருங்காட்சியகம் வூமென்னுக்கும் அதற்குத் தெற்கே உள்ள துவான்மென்னுக்கும் இடம்பெயர்ந்தது. 1926 அக்டோபரில் மக்களுக்குத் திறந்தது. 1959-இல் தியானன்மென் சதுக்கத்தில் புதுக் கட்டடம் எழும்வரை அதன் முகவரி இந்த வாயில்தான்.

அந்த நாட்களின் ஒரு நிகழ்வு, பழைய கட்டடத்தைக் கிடங்காக மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல பாடம். சிங் அரசின் உள் ஆவணங்கள் மூட்டை மூட்டையாக இங்கே குவிந்திருந்தன. 1921-இல் பணமுடை வந்ததும் அருங்காட்சியகம் 8,000 மூட்டைகளை, சுமார் 1.5 லட்சம் ஜின் (சீன எடை அளவு) எடை, 4,000 வெள்ளி யுவானுக்குப் பழைய காகித வியாபாரியிடம் விற்றுவிட்டது. கூழாக்கப்படுவதற்கு முன் அறிஞர் லோ சென்யூ சந்தையில் சில தாள்களைப் பார்த்து அடையாளம் கண்டு, சுமார் மூன்று மடங்கு விலை கொடுத்து எஞ்சியதை வாங்கினார். கைமாறிக் கைமாறி 1929-இல் ஒரு ஆராய்ச்சி நிறுவனத்திடம் வந்தபோது, அவற்றைப் பிரித்து அடுக்கும் வேலை மீண்டும் வூமென் மாடத்தில்தான் நடந்தது. முகமூடி கட்டிய பணியாளர்கள் தூசுக்குள் உட்கார்ந்து தாள் தாளாகப் பிரித்தார்கள். அதன் ஒரு பகுதி இன்று தைபேயில் இருக்கிறது.

இப்போதைய பயன்பாட்டுக்கு அடிகோலியது 2003–2005-இல் நடந்த மாற்றம். நடு மண்டபத்தில் கண்காட்சி வைக்க வேண்டும். ஆனால் அரண்மனை மண்டபம் ஒன்றில் விலையுயர்ந்த பொருளை வைக்க எதுவும் ஒத்துழைக்காது. கதவுகள் மரச்சட்டப் பின்னல். காற்றும் தூசியும் நுழையும். பெய்ஜிங்கின் குளிர்காலம் எலும்பு வரை வறண்டது, கோடை மழைக்காலம் ஈரம் மிகுந்தது. பட்டு, மரப்பலகை, அரக்குப் பூச்சு ஆகியவற்றைப் பிளப்பது வெப்பம் அல்ல, இந்த ஏற்ற இறக்கம்தான். சுவரில் ஆணி அடிக்க முடியாது. உத்தரத்தில் விளக்கு தொங்கவிட முடியாது, அங்கே வண்ணப் பூச்சு இருக்கிறது. மின்கம்பியை மரத்தோடு ஓட்டிக் கொண்டுபோனால் தீக்கு அழைப்பிதழ் வைத்ததாகும். 1987-இல்கூட அரண்மனைக்குள் ஜிங்யாங் மாளிகை மின்னலால் தீப்பிடித்தது என்பதை மறக்க முடியாது.

அதற்கு அவர்கள் கண்ட வழி, மண்டபத்துக்குள் இன்னொரு அறை. எஃகுச் சட்டமும் கண்ணாடியும் கொண்ட பெட்டி ஒன்றைத் தூணையும் உத்தரத்தையும் பற்றிக்கொள்ளாமல் தன் காலில் நிற்கும்படி உள்ளே நிறுத்தினார்கள். விளக்கு, குளிர்சாதனம், காட்சிப் பேழை எல்லாவற்றின் சுமையும் பெட்டியின் சட்டத்துக்கு. பழைய மரத்துக்கு இல்லை. வெப்பத்தையும் ஈரத்தையும் பெட்டிக்குள் மட்டும் கட்டுப்படுத்தினால் போதும், சந்து பொந்து நிறைந்த முழு மண்டபத்தையும் குளிரூட்ட வேண்டியதில்லை. கூரையும் கண்ணாடி என்பதால் நிமிர்ந்தால் பழைய உத்தர ஓவியங்கள் தெரிகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, நாளைக்கே வேண்டாம் என்றால் திருகைக் கழற்றி எடுத்துவிடலாம். மண்டபம் முன்பிருந்தபடி இருக்கும். 2005-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதுகளில் புதுமைக்கான பாராட்டு இந்தக் கண்காட்சி மண்டபத்துக்குக் கிடைத்தது.

குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். கண்ணாடிப் பெட்டி வந்த பிறகு மண்டபத்தின் முழு ஆழத்தையும் ஒரே பார்வையில் உணர முடியாது. கண்ணாடியில் விளக்கொளி எதிரொளிக்கும், கூட்டத்தின் நிழலும் விழும். ‘மண்டபத்தைப் பார்க்க வந்தோமா, பெட்டியைப் பார்க்க வந்தோமா’ என்று கேட்பவர்களின் எரிச்சலில் நியாயம் உண்டு. ஆனால் மாற்று என்ன? பூட்டி வைப்பது ஒன்று. பூட்டிய மரக்கட்டடத்தில் ஓடு நழுவுவதும் நீர் கசிவதும் யார் கண்ணிலும் படாமல் போகும். சுவரைத் துளைத்துப் புதுப்பிப்பது மற்றொன்று. அதைத் திரும்பப் பெறவே முடியாது. இந்த மூன்றில் பெட்டிதான் சரி என்பது என் கருத்து.

2015-இல், அரண்மனை அருங்காட்சியகத்தின் 90-ஆம் ஆண்டில், கிழக்கு மேற்குச் சிறகு மாடங்களும் கண்காட்சிக் கூடங்களாகத் திறக்கப்பட்டன. நடு மண்டபத்தையும் சேர்த்தால் சுமார் 2,800 சதுர மீட்டர். பெரிய தற்காலிகக் கண்காட்சிகள் பெரும்பாலும் இங்கே வருவதற்கு இந்தப் பரப்பே காரணம். 2016-இல் இந்திய அருங்காட்சியகங்களிலிருந்து வந்த குப்தர் காலச் சிற்பங்களும் அதே காலச் சீனச் சிற்பங்களும் சிறகு மாடங்களில் எதிரெதிரே வைக்கப்பட்டன. 2017-இல் 12-ஆம் நூற்றாண்டு ஓவியர் வாங் ஷிமெங் தம் 18-ஆம் வயதில் வரைந்த, ஏறத்தாழ 12 மீட்டர் நீளமுள்ள நீல-பச்சை மலைநீர் (இயற்கைக் காட்சி) ஓவியச் சுருள் நடு மண்டபத்தில் விரிக்கப்பட்டது. 2020-இல் அரண்மனையின் 600-ஆம் ஆண்டுக் கண்காட்சியும் இங்கேதான். இவற்றை நினைத்த நேரத்தில் போய்ப் பார்க்க முடியாது. பழைய ஓவியங்கள் ஓரிரு மாதம் வெளியே இருந்தால், பிறகு சில ஆண்டுகள் இருட்டறைக்குத் திரும்ப வேண்டும். அந்தச் சுருளில் இருப்பவை கனிமப் பொடி வண்ணங்கள். ஒவ்வொரு முறை விரித்துச் சுருட்டும்போதும் துகள் உதிரும்.

வாசகர்கள் போவதானால் அறிய வேண்டியவை இவை. 2011 முதல் பார்வையாளர்கள் உள்ளே நுழைவது வூமென் வழியாக மட்டும். வெளியேறுவது வடக்கே ஷென்வூமென் அல்லது கிழக்கே தோங்ஹுவாமென் வழியாக. தோங்ஹுவாமென்னில் போய் நின்று உள்ளே விடச் சொல்லிப் பயனில்லை. அங்கிருந்து அகழியோரமாக நடந்து வூமென் முற்றத்துக்கு வர வேண்டும். தெற்கே தியானன்மென் சதுக்கம் வழியாக வர நினைப்பவர்கள் சதுக்கத்துக்கும் தனியாக முன்பதிவு செய்ய வேண்டும். பலருக்குக் காலை நேரம் வீணாவது இந்த இடத்தில்தான். சீட்டு ஏப்ரல் முதல் அக்டோபர் வரை 60 யுவான், மற்ற மாதங்களில் 40. வாயிலில் விற்பனை இல்லை. இணையத்தில் ஏழு நாள் முன்னதாக, கடவுச்சீட்டு எண்ணோடு பதிய வேண்டும். பதிந்த அதே கடவுச்சீட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும், நகல் செல்லாது. பொது விடுமுறை தவிர்த்துத் திங்கட்கிழமை மூடப்படும். தீப்பெட்டியும் லைட்டரும் சோதனையில் எடுத்துவைக்கப்படும். விதிகள் மாறுவதுண்டு என்பதால் புறப்படும் வாரத்தில் அருங்காட்சியகத்தின் அறிவிப்பை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

கண்காட்சிக்கு ஏறும் வழி வெளி முற்றத்தில் இல்லை. வாயிலைக் கடந்து உள்ளே வந்தபின், மதிலின் வடபுறத்தில் இருக்கும் சாய்பாதை வழியாக மேலே போக வேண்டும். எதிரே ஐந்து பளிங்குப் பாலங்களும் தைஹ வாயிலும் கண்ணை இழுப்பதால் பெரும்பாலோர் திரும்பிப் பார்ப்பதே இல்லை. பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று வடக்கே போய்விட்டால், அரண்மனை தெற்கு வடக்காக 961 மீட்டர். ஷென்வூமென்னைத் தாண்டிவிட்டால் அதே சீட்டில் மறுபடி நுழைய முடியாது. ஆகவே முதலில் மேலே ஏறுங்கள், பிறகு மண்டபங்களுக்குப் போங்கள். சில கண்காட்சிகளுக்கு நுழைவுச்சீட்டோடு தனி நேரப் பதிவும் கேட்பார்கள். கண்காட்சி மாறும் இடைவெளிகளில் மாடம் மூடியிருக்கும். இரண்டையும் சீட்டு எடுக்கும்போதே பார்த்துவிடலாம்.

பயணக் கட்டுரையின் அடுத்த பகுதி வெளிவரும்போது, வூமென் கொலைக்களம் என்ற வரிக்கு ஒரு திருத்தமும், மாடத்துக்கு ஏறும் வழி குறித்து ஒரு வரியும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்